ஆட்டுத் தோளில் இருபது கிலோ

திண்டிவனத்தில் டாக்டர் லூர்துநாதனின் அறை. சன்னல் கம்பியில் ஆட்டின் தோள் எலும்பு ஒன்று தொங்குகிறது. அறுத்த தசைநாரை எலும்போடு சேர்த்து அவர் போட்ட தையல் வெயிலில் மினுங்குகிறது. நாரின் நுனியில் கொக்கி, கொக்கியில் இருபது கிலோ எடைக்கல். “உங்க வூட்டுக்காரர் தோள்ல அறுந்த நாரையும் இப்படித்தாம்மா தைக்கப்போறேன். பாருங்க, தாங்குது.” கோவிந்தம்மாள் குனிந்து, கல்லின் அடியில் எடை சரியென்று அரசு வைக்கும் ஈய முத்திரையைத் தேடுகிறாள். மல்லாட்டைக் கடலை மண்டியில், எடையை ஏய்க்க அடியில் குடைந்த கல் எத்தனை பார்த்தவள்! முத்திரை இருக்கிறது.

“செத்த ஆடு மூட்டை தூக்காதுங்களே, டாக்டரய்யா. அவரு தூக்கினாத்தான் எங்களுக்குச் சோறு.”

“மூணு மாசம் போவட்டும், தூக்கலாம்.”

அவள் கல்லை மெல்ல அழுத்துகிறாள். நூல் விறைக்கிறது. டாக்டரின் கை, அவரையறியாமல், கல்லுக்கடியில் ஏந்தலாகப் போகிறது.

“கைய அடியில வச்சிக்கினு சொல்றீங்களே! எடுத்துட்டுச் சொல்லுங்க.”