பிரிவுபசாரத்துக்கு முந்தின நாள்

"பாய் முப்பதுதான் வந்திருக்கு மேடம். ஐம்பது சொன்னீங்களே?"

வகுப்பு வாசலில் வந்து நின்ற தலைமை ஆசிரியர் எபெலியை லொசலினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேசையில் நாற்பத்தொரு பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடந்தன. எதிரே மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் இரைந்துகொண்டிருந்தன.

"சர்ச்சுல இருபது இருக்கும். கேட்டு வாங்குங்க மாஸ்டர்."

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது. நான் கேட்டா பாதிரியார் தர மாட்டார். அப்புறம், மார்க் ஷீட் நாளைக்குக் காலைல கல்வி ஆபீசுக்குப் போகணும்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. பந்தலுக்கு மூங்கில் வெட்ட ஆள் பிடித்தது அவள். விருந்துக்குப் பன்றியும் சேப்பங்கிழங்கும் கேட்டு ஊர்த் தலைவர் வீடுவரை வெயிலில் நடந்தது அவள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டிப்போனதும் அவளுக்குத்தான்.

"இந்த ஸ்கூல்ல பிரிவுபசாரம்னா என் தலையிலதான் கட்டணுமா? இது எத்தனாவதுன்னு தெரியுமா? பதினாலு!"

எபெலி சிரித்து மழுப்பினார். "உங்கள விட்டா வேற யாருக்கு மேடம் இதெல்லாம் தெரியும்? நாளைக்கு நான் பேச வேண்டியதையும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. நான் வந்தே எட்டு மாசம்தான் ஆகுது. முப்பத்தாறு வருஷ சர்வீஸப் பத்தி நான் என்னத்தப் பேசுறது?"

"பழைய பிள்ளைங்க நாலு பேரக் கேட்டா சொல்லுவாங்களே!"

"எங்க மேடம் நேரம்? ஒரு பக்கம் போதும். நீளமா வேண்டாம்."

அவர் போய்விட்டார். லொசலினி சிவப்புப் பேனாவைப் போட்டுவிட்டு நீலப் பேனாவை எடுத்தாள்.

வேலையில் சேர்ந்த தேதி. புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வருடம். அப்புறம் ஏழு மாதம் மாமரத்தடியில் நடந்த பாடம். ஆற்றில் வெள்ளம் வந்தபோதெல்லாம் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தது. பதிவேட்டைத் திறக்காமலே எழுதிக்கொண்டு போனாள்.

பக்கம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் போதுமாமே! ஆத்திரத்தோடு முதலில் வெள்ளத்தைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு மாமரத்தையும் அடித்தாள்.

செல்போன் அலறியது. லம்பாசா டவுன் பேக்கரியில் வேலை செய்யும் பெண்.

"மேடம், கேக் ரெடி. ஆர்டர் லொசலினிங்கிற பேர்ல இருக்கு. ரிட்டயர் ஆகுற டீச்சர் பேரு மட்டும் எழுதாம விட்டிருக்காங்க. சொன்னீங்கன்னா கேக் மேல எழுதிடுவேன்."

லொசலினி நீலப் பேனாவை மூடி வைத்தாள்.

"ரெண்டும் ஒரே ஆளுதாம்மா."