செலஸ்தின் பேச ஒப்புக்கொண்ட ஞாயிறு

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றான் செலஸ்தின். கேமராவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனின் நெற்றியெல்லாம் வேர்வை.

விஜயராணி அசையவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள். பட்ட அவமானத்தைச் சோறு போட்டவள் முன்னால் சொல்ல யாருக்குத்தான் நாக்கு எழும்? "நான் இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்லா? பேசுய்யா" என்று முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

திருப்பூர் வீரபாண்டியில் அவர்கள் இருவரும் வேலை பார்த்த அந்தப் பனியன் கம்பெனிக்கு அன்று விடுமுறை. துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசைகளை ஓரம் தள்ளி, அட்டைப் பெட்டிகளின் முன்னால் விளக்கைப் போட்டிருந்தார்கள். கால்பந்து ஆசை காட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்படும் பிள்ளைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தாள் சித்ரகலா.

பல மாதமாக அவள் கேட்டும் செலஸ்தின் மசியவில்லை. "பாஸ்போர்ட் என்னக் கூட்டியாந்தவங்க கையில இருக்கற வரைக்கும் நான் வாய் தொறக்க முடியாதுங்க" என்பதே பதில். விஜயராணிதான் விடவில்லை. "நீ சொன்னாத்தான இன்னொரு தாய் தப்பிப்பா?" என்று தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நேற்று சாப்பிட உட்கார்ந்தவன், "படம் எடுக்கறவங்கள வரச் சொல்லுங்கம்மா" என்றான். தன் பேச்சு எடுபட்டதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?" சித்ரகலா ஆரம்பித்தாள்.

"இங்கதானுங்க. திட்டு வாங்கியே கத்துக்கிட்டேன்."

"திட்டுனது நாந்தான். ஓட்டை விழுந்த பீஸையும் பாஸ் பண்ணி விட்டுருவான்" என்றாள் விஜயராணி. கேமராக்காரர் சிரித்துவிட்டார்.

செலஸ்தின் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொல்லத் தொடங்கினான். ஐரோப்பாவில் பெரிய கிளப் என்று சொல்லிக் கேமரூனிலிருந்து கிளப்பினார்கள்; விமானம் இறங்கியது இந்தியாவில். பத்திரமாக இருக்கும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். கேரளாவில் ஊர் ஊராகப் பந்து உதைக்க விட்டார்கள். முழங்கால் போனதும் கைகழுவிவிட்டார்கள். பனியன் வாங்க வந்த ஆப்பிரிக்க வியாபாரி ஒருவர்தான் திருப்பூரில் கொண்டுவந்து விட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த விஜயராணிக்கு எங்கோ ஒரு செம்மண் மைதானமும், அதன் ஓரத்தில் மகனை எதிர்பார்த்து நிற்கும் ஒரு தாயும் கண்ணில் தெரிந்தார்கள். அந்தத் தாயின் முகம் மட்டும் ஏனோ அவள் முகமாகவே இருந்தது.

அவள் மகன் தனுஷும் இப்போது வெளிநாட்டில்தான் இருக்கிறான். அவனுக்குப் பந்தாட்டம் சொல்லிக் கொடுத்ததே செலஸ்தின்தான். சார்ஜாவில் ஒரு கிளப் ஆள் எடுக்கிறது என்று விசாரித்து, கூட்டிப் போகும் ஆளையும் காட்டியது அவனே. கணவன் பாண்டித்துரை தயங்கியபோது, "ஏமாந்தவனுக்குத்தான ஏமாத்துதவன் வாடை தெரியும்? இவன் பாத்துச் சொன்னாத் தப்பாது" என்று வாதாடி அனுப்பி வைத்தாள். முந்தாநாள் விமானம் ஏறியவன் இன்னும் போன் பண்ணவில்லை. புது சிம் போட வேண்டும் அல்லவா?

"ஊர்ல உங்களை அவங்ககிட்ட சேர்த்துவிட்டது யாரு?" என்று கேட்டாள் சித்ரகலா.

"என் கோச்சுங்க. பக்கத்து நாட்டுக்காரரு. எங்க ஊட்லதான் சாப்பாடு. எங்கம்மா எனக்கு முன்னாடி அவருக்குத்தான் தட்டு வைப்பாங்க."

"அவர் ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"அவரையும் அதே ஆளுங்கதானுங்க ஏமாத்தி எங்க ஊர்ல கொண்டாந்து விட்டாங்க. அவரு பாஸ்போர்ட்டும் அவங்ககிட்டதான் இருந்துச்சு. புதுசா ஒரு பையனப் புடிச்சுக் குடுத்தா, அதத் திருப்பிக் குடுத்துருவாங்க. அதுதானுங்க அவங்க வழக்கம்."

விஜயராணிக்குப் பொறுக்கவில்லை. "தின்ன வீட்டுப் பிள்ளையவா புடிச்சுக் குடுத்தான்? வெளங்குவானா அவன்?"

சித்ரகலா உதட்டில் விரலை வைத்தாள். செலஸ்தின் தரையைப் பார்த்தபடி, "அவரும் அவங்கம்மாவப் பாக்கோணுமுங்களே" என்றான்.

சித்ரகலா கையிலிருந்த தாளில் அடுத்த கேள்வியைத் தேடினாள். பக்கத்துக் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மெஷின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

"உங்க பாஸ்போர்ட் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கா?"

"இல்லீங்க. வந்துருச்சு."

விஜயராணி எழுந்தே விட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. ஜெபத்தில் தன் பிள்ளைக்காகக் கேட்பதற்கும் முன்னால் அவள் கேட்டு வந்த வரம் அது. "ஏன்யா, எங்கிட்டக்கூடச் சொல்லலியே. எப்ப வந்துச்சு?"

செலஸ்தின் கேமராவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"தனுஷ் ஃப்ளைட் ஏறுன அன்னைக்குங்கம்மா."