விசில் பாதை

மிசிசிப்பி ஆற்றோரத்து மாளிகையின் பின்புறம், சமையல்கட்டிலிருந்து சாப்பாட்டு அறைக்கு வரும் செங்கல் பாதையில் நண்பகல் வெயில் கொதிக்கிறது. கதவைப் பிடித்தபடி நான் நிற்கிறேன்; வீட்டைச் சுற்றிக்காட்டுவதில் நானும் வெர்லீனும் கூட்டாளிகள். பார்வையாளர்கள் இருபது பேர் பாதையோரம் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஹாலிஸின் கைகளில், வெண்ணெய் மணக்கும் சூடான சோள ரொட்டித் தட்டை வெர்லீன் வைக்கிறாள். சற்று முன்புதான் அந்த ஆள், "எங்க முன்னோர் வீடு கண்ணு இது. வேலைக்காரங்கள சொந்தக்காரங்க மாதிரி வச்சிருந்தாங்க" என்று என் எரிச்சலைக் கிளப்பியிருந்தார். "அவங்க அடிமைங்க சார். எங்க வம்சத்து ஐசாயா இந்த வழியாத்தான் தட்டு தூக்கினாரு," என்கிறாள் வெர்லீன். "மேசைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் விசில் அடிக்கணும். விசில் நின்னா, எடுத்துத் தின்னுட்டான்னு சவுக்கடி." "பூ, இவ்வளவுதானா!" குஷியான ஒரு மெட்டோடு ஹாலிஸ் நடக்கிறார். தட்டின் ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி மங்குகிறது. பாதி வழியில் உதடு காய்ந்து மெட்டு வெறும் காற்றாகிறது. பாசி படிந்த கல்லில் கால் வழுக்க, விசில் நிற்கிறது. யாரும் சொல்லாமலே எல்லோர் கண்களும் அவர் வாய்க்குப் போகின்றன, என்னுடையதும். "நான் எதையும் திங்கல, மேடம்," என்கிறார். பிறகு, யாரும் கேட்காமலே, வாயை அகலத் திறந்து காட்டுகிறார்.