மிக்ஸி கொடுத்த கார்பன்

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தின் விலை இன்றைக்கு இரண்டு கார்பன் துண்டு. மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும், விரல் நகம் அளவுதான். டிரில்லிங் மிஷினுக்குள் அவை தேய்ந்து தீர்ந்துவிட்டதால், வாரம் முழுக்கக் கதவு மாட்டிய தோள்வலியோடு தச்சன் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். மிச்சக் கதவுகளை நாளைக் காலை மாட்டாவிட்டால் வேலை கைமாறிவிடும். திறந்திருந்த ஒரே கடையின் முதலாளியும் கார்பன் இல்லையென்று கைவிரித்து, "பழசைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிறீங்க, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கிறது? அதனால் மனைவியின் மிக்ஸி இப்போது குப்புறக் கிடக்கிறது. அதன் வயிற்றிலிருந்து பிடுங்கிய கார்பனை, மிஷினுக்குள் நுழையும் அளவுக்கு அவன் உப்புத்தாளில் தேய்க்கிறான். ஜன்னல் வெயிலில் பறக்கும் கரித்தூள் அவன் நரைத்த மீசையைக் கொஞ்சம் இளமையாக்குகிறது.

"உங்க மிஷின் பிழைக்க என் மிக்ஸிதான் சாகணுமா?" துணிக்கடையில் நின்று நின்று வீங்கிய காலோடு மனைவி கதவில் சாய்ந்திருக்கிறாள்.

"ரெண்டே நாள்மா. காசு வந்ததும் முதல்ல உனக்குத்தான்."

"அதுவரைக்கும் மிளகாயை டிரில் போட்டு அரைச்சுக் குடுங்க."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, கார்பனுக்குப் பின்னாலிருந்து துள்ளி ஓடப் பார்க்கும் ஸ்பிரிங்கைத் தன் தலைக் கிளிப்பால் அழுத்திப் பிடிக்கிறாள். அவன் கார்பனை உள்ளே தள்ளி மூடுகிறான். பொத்தானை அழுத்தியதும் நீலப்பொறி சிதறி அடங்க, மிஷின் சீராகச் சுழல்கிறது. இருவருக்கும் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. மிஷினை மடியில் வைத்தபடி அவன் சுவரில் சாய்கிறான். அவள் அவன் தோளில் சாய்கிறாள். டிரில்லுக்கு வரவு இரண்டு கார்பன், மிக்ஸிக்குப் பற்று இரண்டு. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது. தூக்கம் இரண்டு பேருக்கும் பாக்கி.