சுடத் தெரிந்த மாப்பிள்ளை

இர்பித் நகரில் அபூ தௌகானின் வரவேற்பறையில் இருபது பேர் அமர்ந்திருந்தனர். பெண் கேட்டு வந்தவர்களுக்குத் தலைவரான ஹாஜி நவ்வாஃப், தமக்கு ஊற்றப்பட்ட காபியைத் தொடாமல் எதிரே வைத்திருந்தார். பெண்ணின் தகப்பனார் சம்மதம் சொன்ன பிறகே அதைப் பருகுவது வழக்கம்.

சம்மதம் முன்பே பேசி முடித்ததுதான். ஆனால் அன்று மத்தியானம் அபூ தௌகானின் காதில் ஒரு செய்தி விழுந்துவிட்டது.

"ஹாஜி, எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. உங்க பேரன் ஸுஹைப் தினமும் மணிக்கணக்கா போன்ல ஆளுங்களைச் சுட்டுத் தள்ளுறானாமே?"

"அது விளையாட்டுப்பா."

"கொலை எப்போ இருந்து விளையாட்டாச்சு? இன்னைக்குப் போன்ல சுடுறவன், நாளைக்குச் சோத்துல உப்பு கம்மின்னா என் பொண்ணு மேல கை ஓங்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஸுஹைப், தாத்தாவின் பக்கத்தில் தலை கவிழ்ந்திருந்தான்.

"ஊசி போடவே இவனுக்குக் கை நடுங்கும்ப்பா" என்று உறவினர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என் மகளை ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

அபூ தௌகான் எழுந்து உள்ளே சென்றார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பருகாமல் திரும்புவது வந்தவர்களுக்குத் தீராத அவமானம்.

மகள் ரனீம் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன் வாப்பா. அவர் விளையாடுறது எனக்கு முன்னமே தெரியும்."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?"

"போன வருஷம் பெரியப்பா மகன் கல்யாண ஊர்வலத்துல, சந்தோஷத்துல எல்லாரும் வானத்தைப் பார்த்துச் சுட்டாங்கல்ல? இவர் கையிலயும் ஒருத்தர் துப்பாக்கியைத் திணிச்சார். இவர் வாங்கலை. 'மேல போற குண்டு கீழ வந்துதானே ஆகணும், மாடியில பிள்ளைங்க நிக்குதுங்க'ன்னார். நான் வாசல்ல நின்னு பார்த்தேன்."

"அப்புறம்?"

"'நீயெல்லாம் ஆம்பளையா? முக்காடு போட்டுக்கிட்டு உள்ள போடா'ன்னு துப்பாக்கி கொடுத்தவர் கேலி பண்ணினார். கூட்டமே சிரிச்சுது. இவர் எதிர்த்து ஒரு சொல் சொல்லலை. மாடிக்குப் போய்ப் பிள்ளைங்களை எல்லாம் உள்ள கூட்டிட்டுப் போயிட்டார். அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன் வாப்பா."

அபூ தௌகானின் முகத்திலிருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது.

"ஆண்டவன் கொடுத்த உயிரோட அருமை தெரிஞ்ச பையன். இது போதும்மா. ஹாஜியைக் காபி குடிக்கச் சொல்லிடுறேன்."

இரண்டடி நடந்தவர் திரும்பினார்.

"ஆமா, நல்ல பையனைச் சபையில கேலி பண்ணின அந்தத் தறுதலை யாரு? பேரைச் சொல்லு. உன் கல்யாணத்துக்கு அவனை வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

ரனீம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க இல்லாம என் கல்யாணம் எப்படி வாப்பா நடக்கும்?"