பதினாலாம் நம்பர் மனை

"இங்கயா? இது இடுப்பளவு குழியாச்சே!"

காத்தாயி போட்ட சத்தத்தில், மனை பார்க்க வந்து பந்தலுக்குள் ஓசிப் பிரியாணி தின்றுகொண்டிருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

அப்படி ஒரு குழி நிஜமாகவே அங்கே இருந்தால் இறங்கிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவள் புருஷன் இராஜாங்கத்துக்கு.

வரும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மனை வாங்கும் இடத்தில் வாயைத் திறக்காதே. பிடித்தாலும் மூஞ்சியில் காட்டாதே, பிடிக்காவிட்டாலும் காட்டாதே. மூலப்பத்திரம், வில்லங்கம், அப்ரூவல் எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று. யூடியூபில் பதினேழு வீடியோ பார்த்தவர் அவர்தானே.

பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போ என்று அந்தப் பதினேழு பேரில் ஒருவனாவது சொன்னானா? பாவிகள்.

பூதலூருக்குப் பக்கத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்புவரை நெல் விளைந்த பூமி அது. செம்மண்ணைக் கொட்டி, ரோலர் விட்டு, கல் நட்டு, 'கமலம் கார்டன்' என்று போர்டும் வைத்தாயிற்று. கார்டன் என்று சொல்லிக்கொள்ள ஓர் எருக்கஞ்செடிகூடக் கிடையாது. கமலம் மட்டும் இருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான கமலாம்பாள், காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

புரோக்கர் ஷேக் பரீத் கையைக்கூடக் கழுவாமல் பதினாலாம் நம்பர் கல்லுக்கு ஓடிவந்தார். மொத்த இடமும் ஒரே மட்டம்தான், கண்ணால் பாருங்கக்கா என்று கெஞ்சினார்.

"மேல மண்ணக் கொட்டுனா எல்லாம் மட்டமாத்தான் தெரியும். ஐப்பசி மழைக்கு வந்து பாருங்க தம்பி, தண்ணி எங்க நிக்குதுன்னு!"

இதையும் பந்தலுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். ஒருவர் பாதிப் பிரியாணியோடு எழுந்தார். இன்னொருவர் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் உடனே கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இராஜாங்கம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணி அடித்து, ரிட்டயராகி, கையில் வந்தது ஆறரை லட்சம். இது போனால் இன்னொன்று வராது.

தஞ்சாவூரில் ஒன்பது வாடகை வீடு பார்த்தாயிற்று. கருவாடு வறுத்ததற்காக ஒன்றில் காலி பண்ணச் சொன்னார்கள். இன்னொன்றில் மூன்றாம் மாதம்தான் 'நீங்க என்ன ஆளுங்க' என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். நாலாம் மாதம் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார்கள். அந்த மகனுக்கு அப்போது பத்து வயசு. சாகிறதுக்குள் நம் வீட்டில் நாம் கருவாடு வறுத்துத் தின்ன வேண்டும், அவ்வளவுதான் இராஜாங்கத்தின் ஆசை.

இங்கே சதுர அடி அறுநூறு சொன்னார்கள். ஐந்நூறு என்றால்தான் பத்திரச் செலவோடு சேர்த்துக் கட்டும். பேசிப் பேசிக் குறைக்கலாம் என்றுதான் வந்திருந்தார்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"நம்ம காத்தான் பொண்ணுதானே நீ? இங்க குழி இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வயல்ல எறங்கி பத்து வருஷம் நாத்து நட்டது நானாம்மா, நீங்களா?"

மூன்று தலைமுறையாகக் கமலாம்பாள் குடும்பத்துப் பட்டா. ஒரு தலைமுறையாவது வரப்பை விட்டு இறங்கியிருந்தால்தானே எது மேடு, எது பள்ளம் என்று தெரியும்! அவர் ஷேக் பரீத்தைப் பார்த்தார். ஷேக் பரீத்துக்கு வயல் என்றால் பஸ் ஜன்னலில் தெரிகிற பச்சை. அவர் வானத்தைப் பார்த்தார்.

காத்தாயி யாரையும் பார்க்கவில்லை. பதினைந்தாம் நம்பர் கல்லைப் பார்த்து நடந்தாள். அதைப் பற்றியும் அவளுக்கு ஏதோ தெரியும்போல.

ஷேக் பரீத் பதறிப்போய் காருக்கு ஓடினார். ஜன்னலில் தலையை நுழைத்துப் பேசினார். திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. பதினாலை ஐந்நூறுக்கே எடுத்துக்கிட்டு, புண்ணியமாப் போகும், இப்பவே கிளம்புங்கக்கா என்றார்.

"எங்களுக்குக் குழிதானே வாய்ச்சிருக்கு" என்று காத்தாயி பெருமூச்சு விட்டாள். இராஜாங்கத்தின் சட்டைப் பையிலிருந்து அட்வான்ஸ் கவரை அவளே உருவிக் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

மெயின் ரோடு வரைக்கும் இராஜாங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார். அதற்கு மேல் முடியவில்லை.

"குழின்னு தெரிஞ்சே முப்பது வருசச் சம்பாத்தியத்தக் கொண்டுபோய்க் கொட்டுவாளாடி ஒருத்தி?"

பின்னால் காத்தாயி சிரிக்கிற சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டினார்.

"குழியாவது ஒண்ணாவது. அது நெல்லு அடிச்ச களம். ஊரே முங்குன வருசத்துலகூட அந்த மேட்டுல தண்ணி ஏறல."

"அடிப்பாவி! எல்லாத்தையும் மண்ணக் கொட்டி நெரவிட்டானுங்க. அந்த எடம்தான்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

காத்தாயியின் சிரிப்பு நின்றது.

"நட்டதுக்கும் அறுத்ததுக்கும் கூலி நெல்லு வாங்க அங்கதானே முந்தானைய ஏந்திக்கிட்டு நின்னேன். அந்தம்மா மாமனாரு ஒவ்வொரு தடவையும் அரைப்படி கொறச்சுத்தான் அளப்பாரு. அந்த எடம் மறக்குமா?" என்றாள். "இன்னைக்கி அளந்தது நானு."