ராகு காலத்து ஆம்புலன்ஸ்

ஓட்டுநரில்லாத ஆம்புலன்ஸ் வீட்டு வாசலிலேயே நின்றது. உள்ளே பிரசவ வலியில் துடித்த பவித்ராவுக்கு ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்போது ராகு காலம். குடும்பத் தலைவர் சம்மதித்தால் உடனே புறப்படலாம்," என்றது வண்டி.

"சரின்னு சொல்லுங்கய்யா, உங்க மருமக செத்துருவா!" என்று நர்ஸ் தேன்மொழி கத்தினாள்.

"எங்க நம்பிக்கையில தலையிடாதம்மா," என்றார் மாமனார் ஆவுடையப்பன்.

தேன்மொழி தெருவில் போன ஆட்டோவை மறித்து, பவித்ராவை அதில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் ஆவுடையப்பன் ஆஸ்பத்திரி வார்டு முழுக்க லட்டு கொடுத்தார். "எல்லாம் ராகு காலத்துல வண்டியெடுக்காத புண்ணியம்!"

"சாகக் கொடுக்கப் பார்த்தீங்களே, அது புண்ணியமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் தேன்மொழி.

நம்பிக்கையைப் புண்படுத்திய குற்றத்துக்காக அங்கேயே அவள் வேலை போனது. வார்டில் எல்லாரும் லட்டு தின்றுகொண்டிருந்தார்கள்.